ஐந்தாவது சனிக்கிழமை: திருப்பூரில் ஒரு வீட்டின் ஓராண்டுக் கணக்கு

2023 மே மாத நடுவில், பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரம். தங்கை போன் பண்ணினாள். "அண்ணா, ஒரு அஞ்சாயிரம் இருக்குங்களா? ரெண்டு சனிக்கிழமைல குடுத்தர்றேன்." அந்த வருடத்தில் அது நான்காவது போன். கொடுத்தேன். கொடுத்துவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டேன்: இன்னும் நான்கு வாரத்துக்கு வீட்டில் செலவாகும் ஒவ்வொரு ரூபாயையும் எழுத வேண்டும்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். முந்நூறு பேருக்கு வாரச் சம்பளம் போடும் எனக்குச் சொந்தத் தங்கை வீட்டுக் கணக்கு தெரியாமல் இருந்தது. இனி வருவது அந்த வீட்டின் 2023 ஜூன் முதல் 2024 மே வரையிலான கதை. அவளும் மாப்பிள்ளையும் சம்மதித்துத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

மாப்பிள்ளை டைலர், பீஸ் ரேட்டில் வேலை. வேலை நன்றாக ஓடும் வாரத்தில் 4,200 ரூபாய் வரும். தங்கை வேறொரு கம்பெனியில் செக்கிங், வாரம் 2,600. இரண்டும் சேர்த்து 6,800. பெண்ணுக்கு ஒன்பது வயது, பையனுக்கு ஆறு. லைன் வீடு, வாடகை 5,500. கரண்ட் மீட்டர் மட்டும் தனி. கடன் இரண்டு. மூன்றரைப் பவுன் நகையை அடகுக் கடையில் வைத்து வாங்கிய 80,000 ஒன்று. மற்றது மகளிர் குழுக் கடன், வாரம் 490 ரூபாய், இன்னும் 46 தவணை பாக்கி. அதில் அசல் மட்டும் சுமார் 20,000 நிற்கும். ஆக, லட்ச ரூபாய்க் கடன். சேமிப்பு என்று எதுவும் இல்லை. முன்பு தீபாவளிச் சீட்டு ஒன்று போட்டிருந்தார்கள். 2022 தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்னால் அதை நடத்தியவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து "சேமிப்பு" என்ற வார்த்தையைக் கேட்டாலே மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விடுவார்.

காலண்டர் தாள்

நோட்டு வாங்கிக் கொடுத்தால் எழுத மாட்டாள் என்று தெரியும். அவள் வீட்டில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்குகிறது. ராத்திரி படுக்கும் முன் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் செலவை எழுதித் துணி கிளிப்பில் மாட்டி வைக்கச் சொன்னேன். முன்பக்கத்தில் ராகு காலம், பின்பக்கத்தில் "தக்காளி 40, பால் 28, தம்பிக்கு பேனா 10". சில தாளில் எண்ணெய்க் கறை. ஒரு தாளில் பெண் பூ வரைந்திருந்தாள். இருபத்தெட்டாவது நாள் கிளிப்போடு என்னிடம் வந்து சேர்ந்தது.

கணக்குப் பார்க்கும் முன் ஆளுக்கொரு தீர்ப்பு தயாராக இருந்தது. "புள்ளைங்களுக்குத் தெனமும் பாக்கெட் பாக்கெட்டா வாங்கித் தர்றாளுங்க மச்சான், அதுலதான் போகுது" என்பது மாப்பிள்ளை கட்சி. "அவரு கைச்செலவக் கேளுங்கண்ணா மொதல்ல" என்பது தங்கை கட்சி.

பிள்ளைகளின் தின்பண்டம் இருபத்தெட்டு நாளைக்கு 640 ரூபாய். அதை முழுக்க நிறுத்தினால் இரண்டு பிள்ளைகளின் முகமும் வாடும், கிடைப்பதோ 640தான். மாப்பிள்ளையின் கைச்செலவை நான் துருவவில்லை. துருவினால் கணக்கு அன்றோடு நின்றுபோகும். வாரம் 500, அதற்கு நாங்கள் கணக்குக் கேட்பதில்லை, அதற்குமேல் அவர் பணம் கேட்பதுமில்லை என்று ஒப்பந்தம் ஆனது. இதில் தங்கைக்கு என்மேல் இன்னும் கொஞ்சம் கோபம் உண்டு. ஆனால் வருடம் முழுக்க மீறப்படாமல் நின்ற ஒரே ஒப்பந்தம் அதுதான்.

பணம் போன இடம் வேறு. எல்லாம் தாள்களிலேயே இருந்தது. யாரும் அதைச் செலவு என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை

இருபத்தெட்டுத் தாளில் இரண்டில் "கைமாத்து 2,000" என்று இருந்தது. இரண்டும் வியாழக்கிழமை. அதையடுத்த இரண்டு சனிக்கிழமைத் தாளிலும் "2,100 குடுத்தது".

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம். வாடகை, பள்ளி வேன், கேஸ் எல்லாம் மாதக் கணக்கு, சமையல் தினக் கணக்கு. மாதச் செலவு ஏதாவது வந்து விழுந்த வாரத்தில் வியாழனோடு கை காலி. கம்பெனி வாசலிலேயே கொடுக்க ஆள் இருக்கிறார். 2,000 வாங்கினால் இரண்டு நாளில் 2,100. நூறு ரூபாய்தானே என்று தோன்றும். இரண்டு நாளைக்கு ஐந்து சதவீதம் என்றால் வருடத்துக்கு எவ்வளவு என்று நான் போட்டுக் காட்டியபோது மாப்பிள்ளை நம்பவில்லை, கால்குலேட்டரில் ஏதோ தப்பு என்றார்.

இதற்குச் செய்தது ஒன்றே ஒன்று. நானே 2,000 ரூபாய் கொடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கச் சொன்னேன். வியாழக்கிழமை எடுக்கலாம், சனிக்கிழமை சம்பளம் வந்ததும் முதல் வேலையாகத் திருப்பி வைக்க வேண்டும். வட்டி இல்லாத வட்டிக்காரர். பிள்ளைகள் அதற்கு "வியாழன் டப்பா" என்று பெயர் வைத்தார்கள். மாதம் 200 ரூபாய் மிச்சம். அதைவிட, கம்பெனி வாசலில் அந்த ஆளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியதில்லை என்றாள் தங்கை.

அடகுக் கடையிலிருந்து பேங்குக்கு

பெரிய ஓட்டை இங்கேதான். 80,000 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் வட்டி. நூற்றுக்கு இரண்டு என்றால் மாதம் 1,600, வருடம் 19,200. இரண்டு வருடமாகக் கட்டியிருக்கிறார்கள். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அதே நகைக்கு பேங்கில் அப்போது ஆண்டுக்கு ஒன்பது சதவீதத்தை ஒட்டி வட்டி, அதாவது மாதம் 600. வித்தியாசம் ஆயிரம் ரூபாய்.

"இது தெரியாதா உனக்கு?" என்று கேட்டேன். தெரியும். நகையை மீட்டால்தானே பேங்குக்கு எடுத்துப் போக முடியும், மீட்க 80,000 யார் தருவார்? ஊரில் பாதிப் பேர் அடகுக் கடையிலேயே மாட்டிக்கொண்டிருப்பது விவரம் தெரியாததால் அல்ல. அந்த ஒரு நாளைக்குக் கைமாற்றாகப் பணம் கிடைக்காததால்தான்.

என்னிடம் 50,000 இருந்தது. நண்பன் ஒருவன் 30,000 கொடுத்தான், சாயங்காலத்துக்குள் திருப்பித் தருவதாகப் பேச்சு. ரசீதுத் தேதிப்படி 17ஆம் தேதி தாண்டினால் அடுத்த மாத வட்டி முழுசாக ஏறிவிடும். ஒரு நாள் ஆனாலும் அந்தக் கடையில் முழு மாதம்தான். அதனால் ஜூன் 16, வெள்ளிக்கிழமை காலையில் போனோம். தங்கைக்கு அரை ஷிப்ட் சம்பளம் போயிற்று.

கடைக்காரர் நிதானமாக நகையை எடுத்து வந்தார். இரண்டு பவுனில் ஒரு சங்கிலி, ஒன்றரைப் பவுனில் இரண்டு வளையல். "எதுக்குங் அவசரம், இருக்கட்டுமே" என்றார். தங்கை சுருக்குப் பையில் வாங்கி மடியில் இறுக்கிக்கொண்டாள். பேங்கில் நகை மதிப்பீட்டாளர் பதினோரு மணிக்குத்தான் வந்தார். சங்கிலியை உரைகல்லில் இழைத்து, சொட்டு விட்டு, தராசில் வைத்து, கொக்கியிலிருந்த அரக்கைக் கழித்து எடை எழுதினார். கிராம் 5,500 ரூபாயைச் சுற்றி இருந்த நேரம். மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் தரலாம் என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி விதி. ஒரு லட்சத்துக்கு மேலேயே கிடைக்கும் என்று கவுன்ட்டரில் சொன்னார்கள். தங்கை என்னைப் பார்த்தாள். எனக்கும் ஒரு கணம் சபலம்தான். 80,000 மட்டும் போதும் என்றோம். மதிப்பீட்டுக் கட்டணம் சில நூறு ரூபாய். இரண்டரை மணிக்குப் பணம் கணக்கில் ஏறியது. நண்பனின் பணம் நான்கு மணிக்கு அவன் கையில்.

இடம் மாற்றியது பாதிதான். அந்த ஆயிரத்தை மிச்சம் என்று சொல்லிக் கையில் விட்டால் மாதக் கடைசியில் இருக்காது. ஆகவே அடகுக் கடைக்குக் கட்டிய அதே 1,600ஐ மாதாமாதம் பேங்குக்குக் கட்டுவது என்று முடிவு. 600 வட்டிக்கு, 1,000 அசலுக்கு. வீட்டு நடப்பில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு வருடமாக இல்லாத ஒன்று, அசல் குறையத் தொடங்கியது.

ஒரு எச்சரிக்கை. பேங்கு நகைக் கடன் பொதுவாக ஒரு வருடக் கெடு. வட்டி கட்டாமல் மறந்து கெடு தாண்டினால் அங்கேயும் ஏல நோட்டீஸ் வரும். அடகுக் கடைக்காரராவது தெருவில் பார்த்தால் ஞாபகப்படுத்துவார்.

கேஸ் மிச்சம் பிடித்த கதை

இதைச் சொன்னால் தங்கைக்கு வெட்கம், ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. சிலிண்டர் 1,100 ரூபாயைத் தாண்டியபோது அவள் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினாள். குளிக்க வெந்நீர், சோறு, பால் எல்லாம் அதில். 35 நாள் வந்த சிலிண்டர் 60 நாள் வந்தது. பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கரண்ட் பில்லை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு 516 யூனிட். அடுப்பு வரும் முன் 300 யூனிட்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு 500 யூனிட் ஒரு கோடு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். 500க்குள் இருந்தால் அடுத்த நூறுக்கு யூனிட் 2.25, அதற்கடுத்த இருநூறுக்கு 4.50, கடைசி நூறுக்கு 6 ரூபாய். 500 யூனிட்டுக்கு மொத்தம் 1,725. ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.25 சலுகை போய் 101லிருந்தே 4.50 ஆகிவிடும், 500க்கு மேலே போனது யூனிட் 8 ரூபாய். 516க்கு 2,078. அந்தப் பதினாறு யூனிட்டின் விலை 353 ரூபாய். பழைய 300 யூனிட்டுக்கு 675தான் வந்திருக்கும்.

ஆக, 60 நாளில் முக்கால் சிலிண்டர் அளவுக்கு, சுமார் 800 ரூபாய், மிச்சம் பிடிக்க 1,403 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருக்கிறாள். ஆகஸ்ட் 30ஆம் தேதி சிலிண்டர் விலை 200 ரூபாய் குறைந்ததும் அந்தக் கணக்கு இன்னும் மோசமானது. அடுப்பை அட்டத்தில் ஏற்றினோம். கேஸ் திடீரென்று தீர்ந்தால் மட்டும் இறங்கும். மாதம் 350 ரூபாய் அளவுக்கு மிச்சம். 2024 ஜூலையில் கட்டணம் மாறியபோதும் 500 கோடு அப்படியே இருந்தது. மீட்டர் இருக்கிற வீட்டுக்காரர்கள் கணக்கெடுக்க வரும் தேதிக்குப் பத்து நாள் முன்னால் ஒருமுறை மீட்டரைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சின்ன விஷயங்கள்

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. வெளியே பருப்பு 160 ரூபாய்க்கு மேல் விற்ற வருடம் அது. வேலைக்குப் போகும் நாளில் கடை திறந்திருக்கும், இவர்களால் போக முடியாது, பல மாதம் அப்படியே விட்டிருக்கிறார்கள். மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறு ரேஷன் கடை உண்டு. அது மாப்பிள்ளை வேலை என்று ஆனது. மாதம் 200.

காய்கறிக்கு ஞாயிறு காலை தென்னம்பாளையம் உழவர் சந்தை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் போய்வரச் செலவில்லை. ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது சந்தையும் ஒன்றும் செய்ய முடியவில்லை, புளிக் குழம்பாகப் போயிற்று. மகளிர் உரிமைத் தொகைக்கு மனுப் போடவில்லை. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு உள்ளே இருக்க வேண்டும், இவர்களுடையது மேலே. "எல்லாரும் போடறாங்கண்ணா" என்றாள். போட வேண்டாம் என்றேன்.

மொய்க்கு என்னிடம் விடை இல்லை. அந்த வருடம் இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு வளைகாப்பு. இவர்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்த மொய் நோட்டைப் பார்த்து, வந்ததைவிடக் கொஞ்சம் சேர்த்துத்தான் வைக்க வேண்டும். கணக்குக்காரனாக அதைக் கடன் அடைப்பு என்று எழுதினேன். தங்கை அதை அடித்து "உறவு" என்று எழுதி வைத்தாள்.

ஐந்தாவது சனிக்கிழமை

வாரச் சம்பளக்காரர்களுக்கு ஒரு வரம் உண்டு, மாதச் சம்பளக்காரனான எனக்கே அது தாமதமாகத்தான் புரிந்தது. வாடகையும் வேனும் மாதத்துக்கு ஒருமுறை. சம்பளமோ சில மாதத்தில் நான்கு முறை, சில மாதத்தில் ஐந்து முறை. நாங்கள் பார்த்த பன்னிரண்டு மாதத்தில் 52 சனிக்கிழமை. ஜூலை, செப்டம்பர், டிசம்பர், மார்ச் நான்கிலும் ஐந்து சனி. மாதத்துக்கு நான்கு சம்பளம்தான் என்று வைத்து எல்லாவற்றையும் ஓட்டிவிட்டால், அந்த ஐந்தாவது சம்பளத்துக்கு வாடகையும் இல்லை, வேனும் இல்லை. அந்த வாரச் சாப்பாடு, குழுத் தவணை போக நாலாயிரம் நிற்கும். இதுவரை அது எங்கே போனது என்று கேட்டேன். "அந்த மாசம் கொஞ்சம் தாராளமா இருக்கும்ங்கண்ணா" என்றாள். அவ்வளவுதான் பதில்.

காலண்டரில் நான்கு ஐந்தாவது சனிக்கும் சிவப்பு வட்டம் போட்டோம். நான்கு வட்டமும் என்ன ஆயின என்று சொல்கிறேன்.

ஜூலை: 4,000 எடுத்து வைத்தார்கள். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் பையனுக்குக் காய்ச்சல், டெங்குவோ என்று பயந்து தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று நாள், 3,600 ரூபாய். அன்றுதான் எனக்கு உறைத்தது: தங்கையின் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்களே! தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. சம்பளச் சீட்டில் வாராவாரம் அந்தப் பிடித்தம் இருக்கிறது, கார்டில் பிள்ளைகள் பெயரைச் சேர்க்கவே இல்லை. கட்டிய பணத்துக்கு மருந்து வாங்காமல், கையில் இருந்ததைக் கொண்டுபோய் வெளியே கொடுத்திருக்கிறோம். கம்பெனி ஆபீஸில் சொல்லிச் சேர்த்தோம். மருந்தகத்தில் கூட்டம் இருக்கும், அரை நாள் போகும். அதனால் சளி இருமலுக்குப் போவதில்லை, பெரிதாக ஏதாவது என்றால் மட்டும்.

செப்டம்பர்: 4,000 நின்றது. நவம்பர் 12 தீபாவளி தின்றது. போனஸ் இரண்டு பேருக்கும் சேர்த்து 19,000 வந்தது. அதில் 12,000ஐ நேராக நகைக் கடனில் கட்ட வேண்டும் என்று நான் பிடிவாதம். மாப்பிள்ளை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கட்டினார்கள். மிச்சம் 7,000, தீபாவளிச் செலவு 13,000. செப்டம்பர்ப் பணம் போனது, என்னிடம் 2,000 வாங்கினார்கள். என் பிடிவாதம் கொஞ்சம் அதிகம்தான் என்று இப்போது தோன்றுகிறது. 10,000 கட்டியிருந்தால் என்னிடம் கை நீட்ட வேண்டியிருக்காது.

டிசம்பர்: ஒன்றும் இல்லை. அந்த நிதியாண்டில் திருப்பூர் ஏற்றுமதியே முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. மாப்பிள்ளைக்கு வாரத்தில் நான்கு நாள்தான் வேலை. டிசம்பரிலும் ஜனவரியிலும் அசலுக்கு ஆயிரம் கட்டவில்லை, வட்டி மட்டும். இந்த இரண்டு மாதத்தில் புதுக் கடன் வாங்கவில்லை என்பதையே நான் வெற்றி என்பேன். தாங்கியது வியாழன் டப்பா.

மார்ச்: 4,100 நின்றது. இன்னும் நிற்கிறது.

இடையில் நவம்பரில் இன்னொன்று. பெண்ணுக்கு டிசம்பரில் பத்து வயது. செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பத்து வயது முடிவதற்குள் தொடங்க வேண்டும். தபால் ஆபீஸில் தொடங்கினோம். வருடத்துக்கு 250 கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும். இவர்கள் மாதம் 500. வட்டி அப்போது 8 சதவீதம், ஜனவரியில் 8.2 ஆனது. ஆனால் அவசரத்துக்கு எடுக்க முடியாத பணம் அது. பெண் பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ பதினெட்டு ஆன பிறகோ, எது முதலில் வருகிறதோ அப்போதுதான் படிப்புக்குப் பாதி எடுக்கலாம். அதனால் வருடம் ஒன்றரை லட்சம் வரை கட்டலாம் என்று கவுன்ட்டரில் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வந்தோம். பேங்கில் கணக்கு இருந்ததால் வருடம் 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டிலும் 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டிலும் இரண்டு பேரையும் சேர்த்தாயிற்று. மே கடைசியில் அந்தப் பணம் கணக்கில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

மே 2024

குழுக் கடன் ஏப்ரலில் முடிந்தது. அடுத்த செவ்வாயே அதே குழுவில் 60,000 தருவதாக வந்தார்கள். நல்ல கஸ்டமராம். தங்கை வாங்கவில்லை. அந்த வாரத் தவணைப் பணத்திலிருந்து தபால் ஆபீஸில் மாதம் 1,500க்கு ஆர்.டி. தொடங்கினாள்.

நகைக் கடனில் மாதாமாதம் கட்டியது 9,000, போனஸில் கட்டியது 12,000. பாக்கி 59,000. லட்சமாக இருந்த கடன் அங்கே வந்து நிற்கிறது. கையிலும் கணக்கிலுமாக 11,100: டப்பாவில் 2,000, மார்ச் பணம் 4,100, செல்வமகள் 3,500, ஆர்.டி. 1,500. டப்பாப் பணம் உண்மையில் என்னுடையது. திருப்பிக் கேட்பதாக இல்லை. சம்பளம் ஏறவில்லை, டிசம்பரில் இறங்கக்கூடச் செய்தது. பிள்ளைகளின் தின்பண்டம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வீட்டுச் செலவைக் குறை குறை என்கிறவர்களிடம் நான் இப்போது முதலில் கேட்பது, வட்டி எவ்வளவு கட்டுகிறீர்கள் என்றுதான்.

ஜூனில் கெடு வந்தது. கடனைத் திருப்பி வைக்கப் பேங்குக்குப் போனோம். தங்கம் கிராம் 6,600ஐத் தாண்டியிருந்தது. கவுன்ட்டரில் இருந்தவர், "இதே நகைக்கு இப்ப ரொம்பக் கூடக் கிடைக்குங்க, போட்டுத் தரட்டுங்களா?" என்று கேட்டார். தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்பத்தொம்பதாயிரத்துக்குச் சங்கிலி மட்டும் வெச்சா போதுங்களா?" என்றாள். மதிப்பீட்டாளர் எடையைப் பார்த்துவிட்டு, தாராளமாகப் போதும் என்றார்.

வளையல் இரண்டையும் பேங்கு வாசலிலேயே போட்டுக்கொண்டாள். மூன்று வருடத்தில் கை கொஞ்சம் பருத்திருந்தது. ஒன்று ஏறவே இல்லை. பையிலிருந்த தேங்காய் எண்ணெயைத் தடவி ஏற்றினாள்.